தாவரச் சாற்றால் பூஞ்சாண நோய் கட்டுப்படுமா?

வேப்பெண்ணெய், பூண்டுச் சாறு, இலைச்சாறு போன்றவற்றைத் தெளித்தால் பயிரில் வரும் பூஞ்சாண நோய்கள் அடங்குமா, ஒரே கரைசல் ஒரு வயலில் கேட்டு இன்னொரு வயலில் கேட்காமல் போவது ஏன், எதை எந்த அளவில் தயாரிப்பது என்பதுதான் கேள்வி.

சில நோய்களில் நன்றாகவே அடங்கும், சிலவற்றில் ஓரளவு, சிலவற்றில் சுத்தமாகக் கேட்காது. ஆகவே எந்தச் செடியின் சாறு என்பதற்கு முன்னால் எந்த நோய் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். தாவரச் சாறுகளில் பெரும்பாலானவை இலையின் மேல் படிந்து நின்று, அங்கே வந்து விழும் பூஞ்சாண வித்துகள் முளைப்பதைத் தடுப்பவை. இலைத் திசுவுக்குள் புகுந்துவிட்ட பூஞ்சாணத்தை அவை தொடர்ந்து போய்க் கொல்வதில்லை. ஊடுருவிப் பாயும் ரசாயனப் பூஞ்சாணக்கொல்லிகளுக்கும் இவற்றுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. தோல்விகளில் பாதி, இதை மறந்து நோய் முற்றிய பிறகு தெளிப்பதால் வருபவை.

மிக நன்றாகக் கேட்பது சாம்பல் நோய். இந்தப் பூஞ்சாணத்தின் உடல் முழுவதும் இலைக்கு வெளியேதான் இருக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் பொடி அதன் இழைகளும் வித்துகளும்தான். மேல்தோல் செல்களுக்குள் உறிஞ்சு உறுப்புகளை மட்டும் இறக்கி உணவு எடுத்துக்கொள்ளும். அதனால் எண்ணெயோ சாறோ நேரடியாக அதன் மேல் படுகிறது. இழைகள் குலைகின்றன, வித்துகள் முளைப்பதில்லை. வெள்ளரி, பூசணி வகைகள், உளுந்து, பாசிப்பயறு, பட்டாணி, திராட்சை, ரோஜா ஆகியவற்றில் வரும் சாம்பல் நோய் இந்த வகை. மிளகாயிலும் தக்காளியிலும் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அவற்றைத் தாக்கும் லெவில்லுலா என்ற சாம்பல் நோய்ப் பூஞ்சாணம் இலைக்குள்ளேயே வளர்ந்து, இலைத்துளைகள் வழியே அடிப்புறத்தில் பொடியை வெளித்தள்ளும். இலையின் மேற்புறத்தில் மஞ்சள் திட்டுகள்தான் முதலில் கண்ணில் படும். உளுந்தில் பலித்த அதே வேப்பெண்ணெய் மிளகாயில் பலிக்கவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் எண்ணெயின் தரம் அல்ல, இந்தப் பூஞ்சாணத்தின் குணம்.

இலைப்புள்ளி, துரு, நெல்லின் செம்புள்ளி போன்றவை நடுத்தரம். இவற்றின் வித்து ஈரமான இலையில் சில மணி நேரத்தில் முளைத்து உள்ளே போய்விடும். அதற்கு முன்பே சாறு இலையில் இருந்தால் புதிய தொற்று குறையும். ஏற்கெனவே விழுந்த புள்ளி மறையாது. அந்த இலை திரும்ப வராது. தெளித்த பின் பழைய இலைகளைப் பார்த்து ஏமாற்றம் அடைவதில் பொருளில்லை. தெளித்த பிறகு விரிந்த இலைகளில் புள்ளி எவ்வளவு என்பதே கணக்கு.

கேட்காதவற்றையும் சொல்லிவிடுவது நல்லது. பியூசேரியம் வாடல் நோயில் பூஞ்சாணம் வேர் வழியாகப் புகுந்து, நீர் ஏறும் குழாய்களில் இருக்கிறது. இலையில் எதைத் தெளித்தாலும் அதைத் தொடாது. உருளை, தக்காளியின் பின்கருகல் நோயும் அடிச்சாம்பல் நோயும் உண்மையான பூஞ்சாணங்களால் வருபவை அல்ல. ஊமைசீட்ஸ் என்ற வேறு குடும்பம். மழை மூட்டமும் குளிர்ச்சியும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வித்தைக் கொட்டிவிடும். அந்த வேகத்துக்கு வீட்டில் அரைத்த சாறு ஈடு கொடுக்காது. பின்கருகல் வந்த வயலில் அதை நம்பிக் காத்திருந்தால் பயிரையே இழக்க நேரும். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியாப் புள்ளி, மெக்னீசியப் பற்றாக்குறையால் வரும் மஞ்சள் ஆகியவற்றையும் பூஞ்சாணம் என்று எண்ணித் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். வாடிய செடி என்றால் தண்டை அடியில் வெட்டி, வெட்டுமுனை மட்டும் நனையும்படி கண்ணாடிக் குவளையின் தெளிந்த தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். பூஞ்சாண வாடலில் அப்படி இறங்காது; தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் தெரியும்.

இனி சாற்றுக்குள் இருப்பது என்ன என்று பார்க்கலாம், ஏனென்றால் தயாரிப்பு முறை அதிலிருந்துதான் வருகிறது. பூண்டுப் பல்லில் முழுதாக இருக்கும்போது அல்லிசின் இல்லை. அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனியே இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. வெந்நீரில் போட்டு அரைத்தாலும் வேகவைத்தாலும் நொதி செத்துவிடும், அல்லிசின் பிறக்காது. பிறந்த அல்லிசினும் நிலையற்றது, மறுநாளுக்கு வைத்தால் வீரியம் குறையும். ஆக, பூண்டைக் குளிர்ந்த நிலையில் அரைத்து, 10 முதல் 15 நிமிடம் அப்படியே விட்டு, பிறகு தண்ணீர் சேர்த்து, அன்றே தெளிக்க வேண்டும்.

மஞ்சளின் குர்குமின் கதை வேறு. அது ஆய்வகத்தில் பல பூஞ்சாணங்களைத் தடுக்கிறது, ஆனால் தண்ணீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை, வெளிச்சத்தில் சிதைந்தும் போகும். மஞ்சள்தூள் கலந்த தண்ணீரை வடிகட்டினால் குர்குமின் துணியிலேயே தங்கிவிடும். தாவரச் சாறுகளைப் பற்றிய ஆய்வுகளைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பல ஆய்வுகளில் சாறு எடுத்தது எத்தனாலில் அல்லது மெத்தனாலில். சோதித்தது தட்டில் ஊற்றிய ஊடகத்தில் சாற்றைக் கலந்து. அங்கே மழை இல்லை, வெயில் இல்லை, பூஞ்சாணத்துக்குத் தப்பிக்க இடமும் இல்லை. அந்தத் தட்டில் கிடைத்த 90 விழுக்காடு கட்டுப்பாட்டை, தண்ணீரில் அரைத்து வயலில் தெளிப்பதற்குப் பொருத்திப் பார்ப்பது தவறு. தண்ணீரில் இறங்குவது பெரும்பாலும் பீனால்கள், டானின்கள், சப்போனின்கள், கொஞ்சம் ஆல்கலாய்டுகள். எண்ணெய்ப் பொருள்கள் அரைக்கும்போது நுண்துளிகளாகச் சிறிதளவு வரும், அவ்வளவுதான்.

கிராம்பின் யூஜினால், ஓமத்திலும் தைம் செடியிலும் உள்ள தைமால், பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகியவை பூஞ்சாணச் செல்லின் சவ்வையே உடைக்கும் வலிய பொருள்கள். ஆனால் காற்றில் ஆவியாகிப் போய்விடும். தைமால், யூஜினால், ஜெரானியால் மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013இல் பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதி பெற்றன. திராட்சையின் சாம்பல்நிறப் பூஞ்சாண அழுகலுக்கு (இது சாம்பல் நோய் அல்ல, போட்ரைடிஸ் என்ற வேறு பூஞ்சாணம்) எதிராக விற்பனைக்கு வந்த தயாரிப்பில் இந்த மூன்றையும் ஈஸ்ட் செல்லின் வெற்று உறைக்குள் அடைத்து, ஈரம் பட்டால் மெல்ல வெளிவரும்படி செய்திருக்கிறார்கள். அந்த உறை இல்லாமல் கடையில் வாங்கிய கிராம்பு எண்ணெயைத் தெளித்தால் குறைந்த அளவில் பயன் நிற்காது, அளவைக் கூட்டினால் இலை கருகும். கிராம்பு எண்ணெய் அதிக அடர்த்தியில் களைக்கொல்லியாகவே பயன்படுகிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

தயாரிப்புக்கு வருவோம். வேப்பெண்ணெய் 3 விழுக்காடு என்றால் லிட்டருக்கு 30 மி.லி., 10 லிட்டர் டேங்குக்கு 300 மி.லி. பயறு வகைச் சாம்பல் நோய்க்கும் நெல்லின் இலையுறை அழுகலுக்கும் வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளில் காணும் அளவு இது. வெள்ளரி, பாகல், ரோஜாத் தளிர் போன்ற மென்மையான இலைகளுக்கு இது அதிகம். லிட்டருக்கு 5 முதல் 10 மி.லி.யில் தொடங்குங்கள். எண்ணெயும் தண்ணீரும் கலப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிவிட்டுப் பிறகு சோப்பைப் போடக் கூடாது. முதலில் எண்ணெயில் சோப்புக் கரைசலை, டேங்க் லிட்டருக்கு 5 கிராம் சோப்பு என்ற கணக்கில், நன்றாக அடித்துக் கலக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பால் நிறம் வந்ததும் மீதித் தண்ணீரைச் சேர்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்துக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் வளையம் திரண்டால் அந்தக் கலவையைத் தெளிக்காதீர்கள். டேங்கின் முதல் பாதியில் வெறும் சோப்புத் தண்ணீரும் கடைசியில் சுத்த எண்ணெயும் போகும், கடைசி வரிசைச் செடிகள் கருகும். சோப்பு என்றால் காதி சோப்பு அல்லது பொட்டாஷ் சோப்பு. துணி துவைக்கும் பவுடரில் உள்ள காரம் இலையைச் சுடும்.

உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர் உள்ள இடங்களில் சோப்பு தயிர் போலத் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். அங்கே சோப்பை விட்டுவிட்டு, கடினத் தண்ணீரிலும் திரியாத அயனியற்ற (நான்-அயானிக்) ஒட்டுத் திரவத்தை லிட்டருக்கு 1 மி.லி. வரை பயன்படுத்தலாம். ஆனால் அது எல்லா எண்ணெயையும் கலக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது, பாட்டில் சோதனை இங்கே இன்னும் அவசியம். இன்னொன்று: வேம்பில் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பொருளான அசாடிராக்டின் காரத் தண்ணீரில் சிதையும் என்று கேள்விப்பட்டு எலுமிச்சைச் சாறு சேர்ப்பவர்கள் உண்டு. சேர்ப்பது சரிதான், ஆனால் சோப்புப் போட்ட கலவையில் சேர்த்தால் அமிலம் சோப்பை உடைத்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் 5 விழுக்காடு: ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் பால் நிறம் வரும்வரை கலக்கி, இரண்டாக மடித்த மஸ்லின் துணியில் வடித்து, 100 லிட்டராக்கி, சோப்பு சேர்க்க வேண்டும். கொட்டை பொறுக்கி 3 மாதம் ஆகியிருக்க வேண்டும், 8 முதல் 10 மாதத்தைத் தாண்டக் கூடாது. மூட்டையில் ஈரத்தோடு கிடந்து பச்சைப் பூசணம் பிடித்த கொட்டையை எறிந்துவிடுங்கள். இந்தக் கரைசலின் முதல் பலம் பூச்சிகள் மீதுதான். சாம்பல் நோயில் உதவுவதற்கு அதில் கலந்துவரும் எண்ணெய்ப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. நோய் மட்டுமே குறி என்றால் எண்ணெயே மேல். பூச்சியும் நோயும் சேர்ந்திருந்தால் கொட்டைக் கரைசல்.

இலைச்சாறு 10 விழுக்காடு என்பது பச்சை இலை 1 கிலோவை 1 லிட்டர் தண்ணீர் விட்டு விழுதாக அரைத்து, பிழிந்து, 10 லிட்டராக்குவது. உளுந்துச் சாம்பல் நோய்க்கு யூகலிப்டஸ் இலைச்சாறு இந்த அளவில், நோய் தலைகாட்டியதும் ஒருமுறை, 10 நாள் கழித்து ஒருமுறை. நெல் இலையுறை அழுகலுக்கு நெய்வேலிக் காட்டாமணக்கு அல்லது சீமைக்கருவேல் இலை, ஹெக்டேருக்கு 25 கிலோ இலைத்தூளிலிருந்து எடுத்த சாறு, பொதிப் பருவத்தில் ஒன்றும் 15 நாள் கழித்து ஒன்றும். பச்சை இலைக்கும் காய்ந்த இலைக்கும் அளவு ஒன்றல்ல. பச்சை இலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். 1 கிலோ பச்சை இலைக்குச் சமம் கால் கிலோ காய்ந்த தூள்தான். பச்சை இலைக்கான அளவைத் தூளில் போட்டுச் செடியைக் கருக்குவதும், தூளுக்கான அளவைப் பச்சை இலையில் போட்டுப் பயனில்லை என்பதும் நடக்கிறது.

பூண்டு சோதனைகளில் பெரும்பாலும் 5 முதல் 10 விழுக்காடு வரை. 10 லிட்டருக்கு அரைக் கிலோ பல் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் செலவுதான் ஏறும். பரப்பு பெரிதானால் பூண்டை விதை நேர்த்திக்கும் நாற்றங்காலுக்கும் ஒதுக்கி, வயலுக்கு வேறு சாறு பார்ப்பது நல்லது.

கொதிக்க வைக்கலாமா என்பதற்கு எளிய வழி உண்டு. கசக்கினால் மணக்கும் இலைகளையும் பூண்டையும் கொதிக்கவைக்காதீர்கள், மணத்தோடு மருந்தும் போய்விடும். கெட்டியான தண்டு, பட்டை வகைகளுக்குக் கொதி வேண்டும். சிலிக்கா நிறைந்த ஹார்ஸ்டெயில் செடி ஓர் உதாரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பயிர்ப் பாதுகாப்புக்கு அடிப்படைப் பொருளாக அனுமதித்த இதைக் காய்ந்த செடி 200 கிராமுக்கு 10 லிட்டர் தண்ணீர் என்று எடுத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் வடித்து, பத்து மடங்காக நீர்த்துத் தெளிக்கிறார்கள்.

எந்தச் சாறானாலும் இரண்டு முறை வடித்தாக வேண்டும். நாசில் அடைப்பது சிறிய தொல்லை. இலையில் தங்கும் சக்கையும் சர்க்கரையும் கரும்பூசணத்துக்கும் பிற சாறுண்ணிப் பூஞ்சாணங்களுக்கும் தீனியாவதுதான் பெரிய தொல்லை. இரண்டு நாள் வைத்துப் புளித்த சாற்றை வீரியம் கூடியது என்று தெளிப்பது வேண்டாம். புளிக்க வைப்பதற்கென்றே வேறு தயாரிப்புகள் இருக்கின்றன. இவை அப்படிப்பட்டவை அல்ல.

தெளிக்கும் நேரத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. வெயிலில் அசாடிராக்டினும் எண்ணெயும் கெடும், எண்ணெய் இலையைச் சுடும். ஆகவே மாலைதான் நல்லது. ஆனால் இரவு முழுவதும் இலையை ஈரமாக வைத்தால் புள்ளி நோய்களின் வித்து முளைக்க நாமே வசதி செய்ததாகும். சாம்பல் நோய்க்கு இலையில் நீர் தேவையில்லை, அங்கே இந்தக் கவலை குறைவு. மற்றவற்றில், வெயில் தணிந்தபின், இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடித்துவிட்டால் இரண்டு பக்கமும் காப்பாற்றலாம். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தாலும், செடி தண்ணீருக்கு வாடி நின்றாலும் எண்ணெய்க் கலவையைத் தொடவேண்டாம். பூத்திருக்கும் பயிரில் தேனீ நடமாட்டம் அடங்கியபின் தெளியுங்கள்.

சாறு தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும் என்பதால் இலையின் அடிப்புறம் நனைந்தாக வேண்டும். வளர்ந்த பயிருக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் செலவாகும். 60 லிட்டரில் முடித்தவர் இலையில் பாதியை விட்டுவிட்டார் என்று பொருள். நெல், வெங்காயம், முட்டைக்கோஸ், வாழை போன்ற மெழுகுப் பூச்சுள்ள இலைகளில் சோப்போ ஒட்டுத் திரவமோ இல்லாவிட்டால் துளிகள் உருண்டு ஓடிவிடும். மேலே தனியாகச் சொன்னவை தவிர, இடைவெளி 7 நாள், தாண்டினால் 10 நாள். இடையில் விரிந்த புது இலையில் சாறு இல்லை என்பதே இதற்குக் காரணம். நல்ல மழை பெய்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து.

சில கலவைகள் ஆபத்தானவை. கந்தகம் தெளித்த செடியில் இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் படக் கூடாது, எண்ணெய் தெளித்தபின் கந்தகமும் அப்படியே. இலை பொசுங்கி உதிரும். நோய்ப் பூஞ்சாணங்களை அடக்க விவசாயிகள் பயன்படுத்தும் டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான், பூஞ்சாணத்தைத் தடுக்கும் சாறு அதையும் தடுக்கக் கூடும். டேங்கில் ஒன்றாகக் கலக்காமல், டிரைக்கோடெர்மாவை மண்ணுக்கும் சாற்றை இலைக்கும் கொடுங்கள். புதிய சாறு எதையும் முதலில் நான்கைந்து செடிகளில் தெளித்து 48 மணி நேரம் பார்த்த பிறகே வயலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பூஞ்சாணத்தை நேரடியாகத் தொடாமல் செடியின் தற்காப்பைத் தட்டி எழுப்பும் சாறுகளும் உண்டு. ஜயன்ட் நாட்வீட் என்ற செடியின் சாறு அதில் புகழ்பெற்றது. அது பட்ட வெள்ளரி இலை பீனால் வகைத் தற்காப்புப் பொருள்களைச் சேர்த்து, சாம்பல் நோயை எதிர்க்கிறது. செடி தயாராக நேரம் வேண்டும் என்பதால் நோய் வருவதற்கு முன்பே தெளித்தால்தான் பலன். இத்தகைய சாற்றை நோய் வந்தபின் தெளித்துவிட்டுக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மண்வழி நோய்களுக்குத் தாவரப் பொருளைப் பயன்படுத்தும் வழி தெளிப்பான் அல்ல, உழவு. கடுகுக் குடும்பச் செடிகளில் குளுக்கோசினோலேட் என்ற பொருள் உள்ளது. செடியை நொறுக்கும்போது மைரோசினேஸ் நொதியோடு சேர்ந்து ஐசோதயோசயனேட் வாயுவாகிறது. கடுகின் காரம் அதுதான். நாற்றழுகல், வேரழுகல் பூஞ்சாணங்களை மண்ணில் குறைக்க இதைப் பயன்படுத்தலாம். பூக்கத் தொடங்கும்போது செடியை எவ்வளவு பொடியாக நறுக்க முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்கி, உடனே மண்ணில் புரட்டி, தண்ணீர் பாய்ச்சி, பிளாஸ்டிக் விரிப்பால் மூட வேண்டும். நறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனால் வாயு காற்றோடு போய்விடும். நீளமாக மடக்கி உழுதால் வெறும் பசுந்தாள் உரம்தான் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 5 கிலோ பச்சைச் செடியாவது இருந்தால் நல்லது. இரண்டு மூன்று வாரம் கழித்து விரிப்பை எடுத்து, மண்ணைக் கிளறி ஆறவிட்டு, கொஞ்சம் கீரை விதை தூவி முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு நடுங்கள். அவசரப்பட்டால் நாற்றின் வேரும் சேர்ந்து கருகும்.

இயற்கைப் பொருள் என்பதால் ஆபத்தில்லை என்ற எண்ணத்தை மட்டும் அடியோடு விட வேண்டும். ஊமத்தை இலையில் ஸ்கோபொலமின், அட்ரோபின் உள்ளன. அரைத்த மிக்சியும் பாத்திரமும் மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுத்துப் பார்வையைப் பாதிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஒடிக்கவே கூடாது. புகையிலைச் சாறு தோல் வழியே உடலில் ஏறும் நஞ்சு, பூஞ்சாண நோய்க்கு அது தேவையும் இல்லை. உண்ணும் காய், கீரைகளில் ஊமத்தை, எருக்கு, புகையிலை மூன்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வேலையைச் செய்ய வேறு இலைகள் இருக்கின்றன.

தெளித்தது பலித்ததா என்று அறிய வயலின் நடுவில் இரண்டு வரிசையைத் தெளிக்காமல் விடுங்கள். ஓரத்தில் விடவேண்டாம், ஓரச் செடிகளின் ஈரமும் காற்றும் வேறு. வாரம் ஒருமுறை இரண்டு பக்கமும் 20 செடிகளில், மேலிருந்து மூன்றாவது முழு இலையில் நோய் பிடித்த பரப்பு எவ்வளவு என்று குறித்து வாருங்கள். இரண்டு முறை தெளித்த பின்னும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால், நோயை அடையாளம் கண்டதில் தவறா, கலவை பிரிந்ததா, அடிப்புறம் நனையவில்லையா என்று இதே முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சோதியுங்கள். அவை எல்லாம் சரியாக இருந்தும் மேல் இலைகளுக்கு நோய் ஏறிக்கொண்டே போனால் மூன்றாவது தெளிப்பைச் சாற்றில் வீணாக்காமல் கந்தகத்துக்கோ தாமிரத்துக்கோ, நோய்க்கு ஏற்றபடி, மாறிவிடுங்கள். கந்தகம் என்றால் கடைசி எண்ணெய்த் தெளிப்பிலிருந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு.